உள்ளே ஒன்றுமில்லாத முள்ளெலி

கலிஃபோர்னியாவின் மான்டரே நகரக் கடற்கரைக்கு எதிரே, நீருக்கடியில் டேங்கர்ஸ் ரீஃப் என்றொரு பாறைத்திட்டு இருக்கிறது. 2021 ஏப்ரல் தொடங்கி மூன்று ஆண்டுகள் அங்கே ஒரு விநோதமான வேலை நடந்தது. முதுகில் காற்று உருளையோடு இறங்கிய முக்குளிப்பவர்கள் கையில் மீன் ஈட்டி இல்லை, வலை இல்லை. வெல்டிங் பட்டறையில் கசடு தட்டுவார்களே, அதுபோன்ற சிறு சுத்தியல்தான். பாறையோடு ஒட்டிக் கிடந்த ஊதா நிற முள் உருண்டைகளைத் தேடித் தேடி உடைத்தார்கள். உடைத்ததை அள்ளி வந்து விற்கவும் இல்லை. அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்கள். சம்பளம் கிடையாது. எல்லாரும் பொழுதுபோக்காக முக்குளிக்கிறவர்கள். கேட்டால், காட்டை மீட்கிறோம் என்றார்கள்.

சுத்தியலால் காடு வளருமா? வளரும். எப்படி என்பதை அறிய முதலில் அந்தக் காட்டுக்குள் போய்வர வேண்டும்.

கெல்ப் என்பது குளிர்கடலில் வளரும் ராட்சதப் பாசி. மரம் போல நிமிர்ந்து நிற்கும், ஆனால் மரமோ செடியோ அல்ல. பழுப்புப் பாசி இனம். ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் கிடைக்கும் கட்டக்கோரைப் பாசியும் அதே வகுப்பைச் சேர்ந்ததுதான். நம் கடல் வெதுவெதுப்பானது என்பதால் கெல்ப் இங்கே வளர்வதில்லை. மான்டரே விரிகுடாவில் வளரும் ராட்சத கெல்ப் 45 மீட்டர் வரை நீளும். எல்லாம் கூடிவந்தால் ஒரே நாளில் 60 சென்டிமீட்டர் வளரும். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டர். இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும் என்றால், அதற்குள் அரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும்.

இவ்வளவு உயரத்துக்கும் வேர் கிடையாது. அடியில் விரல்கள் போலக் கிளைத்த ஒரு பற்றுறுப்பு பாறையை இறுகப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உணவு உறிஞ்சுவது அதன் வேலை இல்லை. சத்தை உடம்பு முழுவதுமே நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நிமிர்ந்து நிற்கக் கட்டையும் வேண்டியதில்லை. ஒவ்வோர் இலைத்தகட்டின் அடியிலும் ஒரு காற்றுப் பை, அது மேலே இழுக்கிறது. வட கலிஃபோர்னியாவின் புல் கெல்ப் இன்னும் சிக்கனமானது. நீண்ட ஒற்றைத் தண்டின் உச்சியில் ஒரே ஒரு பெரிய மிதவை. அதற்குள் அடைபட்டிருக்கும் வாயுவில், கார்ப் புகையில் நாம் அஞ்சும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கிறது. புல் கெல்ப் ஆண்டுப் பயிர் வேறு. கண்ணுக்குத் தெரியாத தூசியிலிருந்து தொடங்கி, சில மாதங்களில் மூன்று மாடிக் கட்டடத்தின் உயரத்தைத் தாண்டி, குளிர்காலப் புயல்களில் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

அந்தத் தூசிப் பருவத்தில்தான் உண்மையான சாகசம். கெல்ப் விதை போடுவதில்லை, வித்துத்துகள்களை விடுகிறது. ஒவ்வொரு துகளும் இரண்டு சாட்டை இழைகளை அடித்து நீந்தி, பாறையில் ஒட்டி, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஆண் இழையாகவோ பெண் இழையாகவோ வளர்கிறது. பெண் இழையின் கரு முட்டை ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அந்த வாடை பட்டதும் ஆண் இழையிலிருந்து விந்தணுக்கள் வெடித்து வெளியேறி, வாடை வந்த திசைக்கு நீந்துகின்றன. ஆனால் அந்த வாடை அதிக தூரம் எட்டாது. ராட்சத கெல்ப்பில், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு துகளாவது விழுந்திருந்தால்தான் ஜோடி சேர வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பென்சில் முனை வைத்த புள்ளி அளவு இடத்தில் ஒன்று! ஆகவே காட்டின் பக்கத்தில்தான் காடு வரும். எங்கோ தொலைவில் ஒரு பாறையைச் சுத்தமாகத் துடைத்து வைத்தாலும், அருகில் தாய்ப் பாசி இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1834இல் தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் கெல்ப் காடுகளைப் பார்த்த சார்லஸ் டார்வின், நிலத்தில் ஒரு காட்டை அழித்தால் சாகும் உயிரினங்களைவிட இதை அழித்தால் சாகும் உயிரினங்கள் அதிகம் என்று எண்ணினார். கப்பலிலிருந்து பார்த்தும், அலையில் வந்த பாசியைப் பிரித்துப் பார்த்தும் சொன்னது. ஸ்கூபா கண்டுபிடிக்க இன்னும் நூறாண்டு இருந்தது.

இனி எதிராளி. ஊதாக் கடல் முள்ளெலி. எலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நட்சத்திர மீனின் நெருங்கிய சொந்தம். எலுமிச்சம்பழ அளவு ஓடு, அதைச் சுற்றி ஊசிகள், ஊசிகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள். ஒவ்வொரு காலின் நுனியும் ஒரு உறிஞ்சி. தலை இல்லை, கண் இல்லை. ஆனால் ஒளியை உணரும் புரதங்கள் குழாய்க் கால்களில் இருக்கின்றன. உடம்பு முழுவதையுமே ஒரு கண்ணாகப் பயன்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாய் அடிப்பக்கம். அதற்குள் இருப்பது உயிரியலின் மிக அழகான இயந்திரங்களில் ஒன்று: அரிஸ்டாட்டில் விளக்கு. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதை விவரித்ததால் வந்த பெயர். சுமார் 40 எலும்புத் துண்டுகள், அவற்றை ஆட்டும் தசைகள், நடுவில் கூடும் ஐந்து பற்கள்.

அந்தப் பல் செய்யப்பட்ட பொருள் கால்சைட், சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே தாது. அதை வைத்துப் பாறையையே குடைந்து, தான் உட்காரக் குழி செய்துகொள்ளும். கல்லும் கல்லும் உரசினால் பல் மழுங்க வேண்டுமே? மழுங்குவதில்லை. பல்லுக்குள் படிகத் தகடுகளுக்கு இடையே பலவீனமான கரிமப் படலங்கள் ஓடுகின்றன. தேய்ந்த முனை அந்தக் கோட்டோடு, அஞ்சல் தலையைத் துளை வரிசையில் கிழிப்பதுபோல, உடைந்து விழும். அடியில் புதிய கூர்முனை தயாராக இருக்கும். பின்னாலிருந்து பல் வளர்ந்துகொண்டே வரும். 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே ஊதா முள்ளெலியில் இந்த உத்தியைக் கண்டுபிடித்தார்கள். தானே தீட்டிக்கொள்ளும் கத்தி செய்ய நினைக்கும் பொறியாளர்களுக்கு இன்றும் இது பாடம்.

இத்தனை ஆயுதம் இருந்தும், ஆரோக்கியமான காட்டில் முள்ளெலி ஒரு சாது. பாறை இடுக்கில் உட்கார்ந்து, மேலேயிருந்து உதிர்ந்து வரும் பாசித் துண்டுகளைப் பிடித்துத் தின்னும். வெளியே வந்தால் ஆபத்து. உள்ளே இருந்தால் சாப்பாடு தானாக வரும். எதற்கு அலைய வேண்டும்? உதிர்வது நின்றால்தான் குணம் மாறுகிறது. இடுக்கை விட்டு வெளியேறி, கூட்டமாக நகர்ந்து, உயிரோடு நிற்கும் கெல்ப்பின் அடித்தண்டைக் கடிக்கத் தொடங்குகிறது. உச்சியிலிருந்து தின்றாலாவது பாசி மறுபடி தழைக்கும். அடியில் கடித்தால் 30 மீட்டர் பாசி முழுதும் அறுந்து மிதந்து போய்விடும். முள்ளெலிக்கு அதில் கிடைத்தது நாலு வாய்.

உதிர்வது ஏன் நின்றது? 2013இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுக நட்சத்திர மீன்கள் உருகத் தொடங்கின. மிகைச் சொல் இல்லை. கைகள் சுருண்டு, கழன்று, உடல் கூழாகிக் கரைந்தது. அதிகம் அடிவாங்கியது சூரியகாந்தி நட்சத்திர மீன். 24 கைகள் வரை முளைக்கும், ஒரு மீட்டர் அகலம் வரை விரியும், ஆயிரக்கணக்கான குழாய்க் கால்களில் ஓடும் வேட்டை விலங்கு. முள்ளெலியைத் தின்பதில் அதற்கு நிகர் இல்லை. 575 கோடி செத்திருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. இருந்ததில் பத்தில் ஒன்பதுக்கும் மேல். அதன் பின்னாலேயே 2014 முதல் 2016 வரை பசிபிக்கில் ஒரு கடல் வெப்ப அலை நிலைகொண்டது. நீர் சூடானால் அதில் நைட்ரேட் சத்து குறையும். கெல்ப் பட்டினியில் வாடும். வேட்டைக்காரன் இல்லை, உதிர்ந்து வரும் உணவும் இல்லை. வட கலிஃபோர்னியாவில் 350 கிலோமீட்டர் கரையோரத்தில் புல் கெல்ப் காட்டின் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. ஊதா முள்ளெலியின் எண்ணிக்கை 60 மடங்கு ஏறியது. கெல்ப்பையே நம்பிய அபலோன் கடல் நத்தைகள் பட்டினியில் மடிய, 2018இல் அரசு அபலோன் பிடிப்பதை நிறுத்தியது.

வெப்ப அலை போய்விட்டது. நீர் மறுபடி குளிர்ந்தது. காடு திரும்பி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. பாறை மொட்டையாகவே கிடந்தது, மேலே ஊதாக் கம்பளம். இந்த நிலைக்கு முள்ளெலிப் பாழ்நிலம் என்று பெயர்.

இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. நிறைய முள்ளெலி சேர்ந்தால் காடு அழியும்; குறைந்தால் திரும்பும். சரி. ஆனால் இரண்டுக்கும் எல்லைக்கோடு ஒன்றல்ல. உலகெங்கும் உள்ள பாழ்நிலங்களை ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வந்தது. நிற்கிற காட்டைச் சாய்க்க எவ்வளவு முள்ளெலி எடை தேவையோ, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போதும், சாய்ந்த காட்டைத் தலையெடுக்க விடாமல் தடுக்க. காரணம் எளிது. வளர்ந்த கெல்ப்பை வெட்ட ஒரு படை வேண்டும்; மில்லிமீட்டர் உயரக் குருத்தை நக்கி எடுக்க நாலு பேர் போதும். ஆகவே பாதியைக் குறைத்தேன், முக்கால்வாசியைக் குறைத்தேன் என்பதெல்லாம் இங்கே பயன்படாது. கிட்டத்தட்ட துடைத்தெடுக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே பாலோஸ் வெர்டெஸ் கரையில் 2013 முதல் இந்தப் பணியைச் செய்துவரும் ‘பே ஃபவுண்டேஷன்’ வைத்துக்கொண்ட இலக்கு, சதுர மீட்டருக்கு இரண்டே இரண்டு.

அப்படியானால் சும்மா விட்டால் பட்டினியில் தானே சாகாதா? சாகாது. ஊதா முள்ளெலியின் பெரிய மாயம் இதுதான். உணவு நின்றதும் உடம்பின் செலவைச் சுருக்கிக்கொள்ளும். முதலில் தன் இனப்பெருக்கச் சுரப்பியையே கரைத்து உண்ணும். பிறகு கிடைப்பதைச் சுரண்டிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அசைந்தும் அசையாமலும் இருக்கும். ஓடும் முள்ளும் அப்படியே. உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை. முக்குளிப்பவர்கள் இவற்றைப் பிணமுள்ளெலி என்ற பொருளில் ‘ஜாம்பி’ என்கிறார்கள்.

அந்த வெறுமைதான் அதன் கவசம். மான்டரேயில் கடல் நீர்நாய்கள் உண்டு. நாளுக்குத் தன் எடையில் கால் பங்கு தின்றாக வேண்டிய பிராணி. குளிரைத் தாங்கக் கொழுப்புப் படலம் கிடையாது, ரோமத்தையும் சாப்பாட்டையும்தான் நம்பியிருக்கிறது. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் நீர்நாய் இருக்கும் இடத்தில் கெல்ப் இருப்பதை 1974இலேயே ஜேம்ஸ் எஸ்டெஸும் ஜான் பால்மிசானோவும் எழுதிப் புகழ்பெற்றார்கள். ஆனால் மான்டரே நீர்நாய்கள் பாழ்நிலத்துப் பக்கம் திரும்பவே இல்லை என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அவை மிச்சமிருந்த காட்டுத் திட்டுகளுக்குள் கொழுத்த முள்ளெலிகளைத்தான் தேடித் தின்றன. வெற்று ஓட்டை உடைக்கச் செலவாகும் சக்தி கூட அதில் திரும்பக் கிடைக்காது. இருக்கிற காட்டை நீர்நாய் காத்தது. போன காட்டை மீட்கவில்லை.

மனிதர்களும் அதே கணக்குத்தான் போட்டார்கள். முள்ளெலியின் இனப்பெருக்கச் சுரப்பியைத்தான் ஜப்பானிய உணவகங்கள் ‘உனி’ என்று பரிமாறுகின்றன. நல்ல விலை. அதற்காகவே முக்குளிக்கும் தொழிலாளர்கள் கலிஃபோர்னியாவில் உண்டு. சுரப்பி கரைந்துபோன முள்ளெலியை அவர்கள் எதற்குத் தூக்கி வர வேண்டும்? வட கலிஃபோர்னியாவில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. வெற்று முள்ளெலிகளைத் தொட்டியில் வைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. கடற்பரப்பின் அளவோடு ஒப்பிட்டால் அது சின்ன வாசல். ஆக, விலங்கும் வேண்டாம் என்கிறது, சந்தையும் வேண்டாம் என்கிறது. கூலி கொடுத்து உடைக்கச் செய்யலாம். சில இடங்களில் செய்திருக்கிறார்கள். அந்தப் பணம் தீர்ந்த பிறகும் இறங்கக்கூடியவர், ஆதாயம் எதிர்பாராத ஆள் மட்டும்தான்.

அவருக்கு முதல் தடை சட்டம். கலிஃபோர்னியாவில் பொழுதுபோக்கு முக்குளிப்பவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய முள்ளெலி 35 மட்டுமே என்று விதி இருந்தது. நீருக்கடியிலேயே உடைத்துப் போடவும் கூடாது. நியாயமான விதிதான், கடல் வளத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காக எழுதியது. வளமே தொல்லையாகும் என்று எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். முக்குளிப்பவர்கள் மனுப்போட்டு, விசாரணைகளில் பேசி, வடக்கே காஸ்பர் கோவ் என்ற சிறு குடாவிலும் மான்டரேயின் டேங்கர்ஸ் ரீஃபிலும் மட்டும் விலக்குப் பெற்றார்கள். எத்தனை வேண்டுமானாலும் உடைக்கலாம், ஆனால் கைக்கருவியால் மட்டும். டேங்கர்ஸ் ரீஃபில் ‘ஜயன்ட் ஜயன்ட் கெல்ப் ரெஸ்டோரேஷன்’ என்ற தன்னார்வக் குழு வேலையை ஒழுங்குபடுத்தியது.

வேலையின் அளவைப் பார்க்க நம்மூர்க் கணக்கில் ஒரு கிரவுண்டை எடுத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 20 முள்ளெலி இருக்கிறது என்று வையுங்கள், இலக்கு இரண்டு. உடைக்க வேண்டியவை சுமார் 4,000. ஆறு விநாடிக்கு ஒன்று என்ற வேகத்தில் அடித்தாலும் ஏறக்குறைய ஆறே முக்கால் மணி நேரம். ஒரு ஏக்கருக்கு 120 மணி நேரத்துக்கு மேல். அதுவும் கை விறைக்கும் குளிரில், அலை ஒரு மீட்டர் முன்னும் ஒரு மீட்டர் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கையில், அபலோன் மேலோ பக்கத்திலிருக்கும் நட்சத்திர மீன் மேலோ சுத்தியல் படாமல். அவ்வளவுக்குப் பிறகும் பாறை இடுக்கில் ஒளிந்திருந்த குஞ்சுகள் அடுத்த மாதம் வெளியே வரும். மறுபடி போக வேண்டும்.

உடைப்பதைவிடக் கடினமானது எண்ணுவது. அடித்துவிட்டு வந்தோம் என்றால் அறிவியல் ஆகாது. ‘ரீஃப் செக்’ அமைப்பு பயிற்றுவிக்கும் தன்னார்வலர்கள் கடலடியில் 30 மீட்டர் அளவு நாடாவை விரித்து, இரண்டு மீட்டர் அகலத்தில் கண்ணில் படும் உயிர்களை இனம் பிரித்து எண்ணுகிறார்கள். குறித்துக்கொள்வது நீரில் நனையாத பலகையில், சாதாரண பென்சிலால். பேனா மை நீருக்கடியில் உதவாது. பென்சில் கரி உதவும். சுத்தம் செய்த இடம், செய்யாத இடம் இரண்டிலும் எண்ணினால்தான், கெல்ப் வந்தது சுத்தியலாலா அல்லது அந்த ஆண்டு நீர் குளிர்ந்திருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ஒரு சந்தேகம் பலருக்கும் எழுந்தது. உடைந்த முள்ளெலியிலிருந்து முட்டையும் விந்தும் நீரில் கலந்து, ஒன்றுக்குப் பத்தாகப் பெருகிவிடாதா? கொழுத்த முள்ளெலி என்றால் யோசிக்க வேண்டிய கேள்விதான். பாழ்நிலத்து முள்ளெலியோ தன் சுரப்பியை ஏற்கெனவே தின்று தீர்த்துவிட்டது. சிந்துவதற்கு அதனிடம் பெரிதாக எதுவும் இல்லை. அதைக் காப்பாற்றிய அதே வெறுமை, இங்கே அடிப்பவருக்குச் சாதகம். ஓட்டுக்குள் எஞ்சிய கொஞ்சநஞ்சத்துக்கு மீன்கள் கூடிவிடும். சுத்தியல் சத்தம் கேட்டு முக்குளிப்பவரைச் சூழ்ந்துகொள்ளப் பழகியும் விடுகின்றன.

பாலோஸ் வெர்டெஸ் கரையில் இதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. 50 ஏக்கருக்கு மேல் சுத்தமாயிற்று. பாதுகாப்பான எண்ணிக்கைக்கு முள்ளெலி குறைந்த இடங்களில் சில மாதங்களிலேயே கெல்ப் தலைகாட்டியது. அருகில் தாய்க் காடு மிச்சமிருந்தது அதற்கு உதவி. காடு வந்ததும் விட்டுவைத்த முள்ளெலிகள் கொழுத்தன. உள்ளே சுரப்பி நிறைந்தது. யாருக்கும் வேண்டாத பொருள் மறுபடி மீனவருக்குச் சரக்கு. எண்ணிக்கையைக் குறைத்ததால் விளைச்சல் கூடியது. எல்லா முள்ளெலியையும் ஒழிப்பது நோக்கமல்ல என்பதும் இதனால்தான். அது அந்தக் காட்டின் பூர்விகக் குடி, வந்தேறி அல்ல.

ஆனால் 350 கிலோமீட்டரைச் சுத்தியலால் மீட்டுவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு பெண் முள்ளெலி லட்சக்கணக்கில் முட்டை விடும்; குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து எங்கிருந்தோ வந்து இறங்கும். டேங்கர்ஸ் ரீஃப் அனுமதியும் 2024 ஏப்ரலோடு காலாவதியாகிவிட்டது. தன்னார்வலர்களால் ஆகக்கூடியது வேறொன்று: அங்கங்கே சில திட்டுகளை உயிரோடு வைத்திருப்பது. சதுர மில்லிமீட்டருக்கு ஒரு துகள் என்ற கணக்கு நினைவிருக்கிறதல்லவா? தாய்ப் பாசி எங்கோ ஓரிடத்தில் இருந்தால்தான், நல்ல காலம் வரும்போது காடு நடந்து விரிய முடியும்.

நல்ல காலம் என்பது பெரும்பாலும் அந்த 24 கை வேட்டைக்காரன் திரும்புவதைப் பொறுத்தது. சூரியகாந்தி நட்சத்திர மீனுக்குப் பட்டினி முள்ளெலியும் கொழுத்த முள்ளெலியும் ஒன்றா என்று ஆய்வகத் தொட்டிகளில் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்குச் சராசரியாக 0.68 முள்ளெலி, அதாவது மூன்று நாளில் இரண்டு. வியப்பு அதுவல்ல. நீர்நாய் தீண்டாத பட்டினி முள்ளெலிகளை இது ஒதுக்கவில்லை. கொழுத்தவற்றைவிட வேகமாகத் தின்று தீர்த்தது. அப்படியே முழுசாக விழுங்கிச் செரிக்கும் பிராணிக்கு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது பெரிய கவலையில்லை போலும். சுத்தியலோடு ஒருவர் பத்தே நிமிடத்தில் உடைப்பதைத் தின்று தீர்க்க இதற்கு ஐந்து மாதம் ஆகும்தான். ஆனால் காற்று உருளை வேண்டாம், இரவிலும் வேலை செய்யும், யாரிடமும் மனுப்போட வேண்டியதில்லை. அதன் வாடை நீரில் பட்டாலே முள்ளெலிகள் சிதறி ஓடும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தில் 2019 முதல் இந்த நட்சத்திர மீனைத் தொட்டியில் வளர்த்துப் பெருக்க முயல்கிறார்கள். முட்டையிலிருந்து வளர்ந்த தலைமுறை அங்கே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மீன் காட்சியகங்களும் சேர்ந்துகொண்டன. இத்தனை காலம் அவர்களைத் தடுத்தது, எதற்குப் பயப்பட வேண்டும் என்றே தெரியாததுதான். அந்த முடிச்சு 2025 ஆகஸ்டில் அவிழ்ந்தது. நட்சத்திர மீன்களை உருக்குவது விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா; காலராக் கிருமியின் பேரினத்தைச் சேர்ந்தது. பத்தாண்டுக்கு மேல் திசுக்களில் தேடிக் கிடைக்காமல், கடைசியில் உடற்குழி நீரில் அகப்பட்டது. இனி வளர்ப்புத் தொட்டிக்கு வரும் ஒவ்வொரு நட்சத்திர மீனையும், கடலுக்கு அனுப்பும் ஒவ்வொன்றையும், கிருமி இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துவிடலாம்.